எல்லப்பனின் எருமை

என்னைப் பழவேற்காட்டுக்கு வரவழைத்தது ஒரு நாக்கு. எங்கள் மன்னார்க் கோட்டையில் சில வருடங்கள் தலைவராக இருந்த ஒல்லாந்து வெள்ளைக்காரக் கப்பித்தானின் நாக்கு அது. அங்கே அவருக்குச் சமைத்துப் போட்டவன் நான். பிறகு அவரைப் பழவேற்காட்டுக் கோட்டைக்கு மாற்றினார்கள். உடம்பு மாறிப் போயிற்று, நாக்கு மட்டும் மன்னாரிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், விருந்துக்கு நீதான் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். கூப்பிடுவது போலத்தான் இருந்தது, ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல அதில் இடம் இல்லை.

கடல் வழியைப் பற்றி எழுத மாட்டேன். வாந்தியைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. கரையேறியதைச் சொல்கிறேன். இந்த ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நின்றுவிடும். கயிற்றால் தைத்த படகு ஒன்று வந்து அலைகளுக்கு நடுவில் நம்மை வாங்கிக்கொள்ளும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்மேடு தட்டி எங்கள் படகு ஒருக்களித்தது. தண்ணீரில் விழுந்த ஆட்களை எல்லாம் பிடித்து ஏற்றிவிட்டார்கள். என் மிளகாய்த்தூள் மூட்டை நனைந்துவிட்டது. மனைவி வறுத்து இடித்துக் கொடுத்த தூள். நான் அதைப் பிழிந்துகொண்டு ஈர வேட்டியோடு நின்றபோது படகோட்டி ஒருவன், "இன்னிக்கு மீனெல்லாம் தும்மப் போவுது" என்றான். படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் சோனகர் தெருவில் ஒரு வீட்டில் சோறு கிடைத்தது. நண்டை ஓட்டோடு போட்டு, மிளகும் பூண்டும் தாராளமாக அரைத்து விட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நண்டுக்கு முருங்கையிலை போடாமல் இறக்கினால் சமைத்தவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே முருங்கையிலையைப் பற்றிக் கேட்டேன். "அது ஆட்டுக்குப் போடுவோம்" என்றார் வீட்டுக்காரர். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். நண்டு நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் கப்பித்தானைப் பார்த்தேன். தொப்பை இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. குசினிக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஏதோ புதையல் கிடைத்தவர் போல மெதுவாகச் சொன்னார். "இந்த ஏரிக்குள் ஒரு கடல்மாடு சுற்றுகிறது. நானே கண்ணால் பார்த்தேன். மன்னாரில் நீ சமைத்துத் தருவாயே, அதே மிருகம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எனக்கு அது வேண்டும்."

அவர் கடல்மாடு என்று சொன்னது எங்கள் ஊரில் கடற்பன்றி. மாடும் இல்லை, பன்றியும் இல்லை. கடலடியில் புல் மேயும், மூச்சு வாங்க மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். கறி என்றால் அப்படி ஒரு கறி. வலையில் மாட்டினால் கண்ணீர் விட்டு அழும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், அழும். அழுததற்காக எங்கள் ஊரில் யாரும் அடுப்பை அணைத்ததில்லை.

விருந்து முடிந்த கையோடு என்னைத் தெற்கே போகும் கப்பலில் ஏற்றிவிடுவதாகக் கப்பித்தான் சொன்னார். "மிருகம் கிடைக்காவிட்டால்?" என்று கேட்டேன். "கிடைக்கும்வரை இங்கேயே இரு. காற்று திரும்பினால் அப்புறம் அடுத்த பருவத்துக்குத்தான் கப்பல்" என்றார். மனைவிக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை காலையில் மிருகத்தைப் பார்க்கக் கிளம்பினேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் இரண்டு மீனவக் குப்பங்கள் இருந்தன, தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. தெற்குக் குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், தண்ணீரில் மாடு மாதிரி ஏதோ வருகிறதாமே என்று விசாரித்தேன்.

"எருமையா? எங்க வூட்டுக்காரரோட ரெண்டாம் பொண்டாட்டியக் கேக்கறியா?" என்றாள் அவள். பெயர் முனியம்மா. "என்னைக் கட்டி இத்தினி வருசத்துல ஒரு நாளு 'சாப்ட்டியா'ன்னு கேட்டதில்ல அந்த மனுசன். அதைக் கேக்கறாரு. 'இன்னாடி துன்ன, வவுறு ஒட்டிக்கினு கீது'ன்னு. நான் காதால கேட்டேன்."

ஆக, அந்த மிருகத்துக்கு மூன்றாவது பெயரும் கிடைத்துவிட்டது. எங்களுக்குப் பன்றி, ஒல்லாந்தருக்கு மாடு, இவர்களுக்கு எருமை. இந்தப் பக்கத்தில் இதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லையாம். வழி தவறி வந்த குட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

முனியம்மா என்னை உட்காரவைத்து மடவைமீன் குழம்பு ஊற்றினாள். தேங்காய்ப்பால் விடாத மீன்குழம்பை அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். புளி கண்ணைத் திறந்துவிட்டது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதை மறைக்க மாட்டேன்.

"இன்னிக்கு எங்க பாடு. அவரு மொகத்துவாரத்துல இருப்பாரு, போயிப் பாரு" என்றாள்.

பாடு என்றால் முறை. முகத்துவாரத்தில்தான் மீன் கூட்டமாக உள்ளே வரும், வெளியே போகும். இரண்டு குப்பமும் சேர்ந்து வலை போட அங்கே இடம் போதாது. அதனால் ஒரு நாள் இவர்கள், மறுநாள் அவர்கள். எல்லைக்கு ஒரு கழி நட்டிருக்கிறது. முறை இல்லாத நாளில் அந்தக் கழியைத் தாண்டித் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒருவன் வைத்தாலும் அவன் குப்பம் முழுவதும் அந்தப் பருவத்துக்குப் பாடு இழக்கும். பாடு நாளில் அந்தத் தண்ணீருக்குள் வந்தது எதுவானாலும் பாடுகாரனுக்குச் சொந்தம். கோட்டையின் சட்டத்தைவிட இதற்குத்தான் அங்கே பயம் அதிகம்.

முனியம்மாவின் புருஷன் எல்லப்பன் அகன்ற தோள்காரன். சண்டைக்குக் கிளம்பும்போது மனிதனுக்கு இருக்கும் முகம் அவனுக்கு எப்போதும் இருந்தது. "இன்னா? ஏறு. பலகைல ஒக்காரு. ஆடினேன்னா தூக்கிப் போட்டுடுவேன்" என்றுதான் வரவேற்றான். அந்த மிருகம் எங்கள் ஊரிலும் உண்டு என்று சொன்னதும் முகம் மாறியது. "அப்படியா? இன்னா அது, மீனா மாடா? எவ்ளோ பெருசு ஆவும்? எத்தினி வருசம் இருக்கும்?" என்று அடுக்கினான். தெரிந்ததைச் சொன்னேன். சமையல்காரன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் படகை நிறுத்தினான். துடுப்பின் தட்டையான பக்கத்தால் தண்ணீரைப் பட், பட், பட் என்று தட்டினான். கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. தூரத்தில் சேறு கலங்கி ஒரு கோடு எங்களை நோக்கி வந்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. இரண்டு மூக்குத் துவாரங்கள், பிறகு மயிர் முளைத்த அகன்ற வாய், பிறகு அந்தச் சின்னக் கண்கள்.

நான் பலகையிலிருந்து எழுந்தேவிட்டேன். எங்கள் ஊரில் துடுப்புச் சத்தம் கேட்டால் இந்த மிருகம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு ஓடிவிடும். இங்கே எல்லப்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். அது வந்து அவன் கைமேல் மோவாயை வைத்துக்கொண்டு நின்றது.

"எங்கடி போன எருமே? நேத்து எவன் வலையில மூக்க நொழச்ச?" என்று கேட்டுக்கொண்டே, கிளிஞ்சல் ஒன்றால் அதன் முதுகில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினான். அது கண்ணை மூடிக்கொண்டது. என்னிடம் பேசிய அதே மனிதனின் குரலா என்று சந்தேகமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் புயலுக்கு மறுநாள் அது அவன் வலையில் சிக்கியிருக்கிறது. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் தவித்ததைப் பார்த்து வலையை அறுத்துவிட்டிருக்கிறான். முனியம்மா நூல் முறுக்கி ஒரு பருவம் முழுக்கப் பின்னிய வலை. அவள் பத்து நாள் பேசவில்லையாம். "இதுங்கூட அவ பேசாத நாள்ல பேசிப் பேசிப் பழகினதுதான்" என்றான்.

என் கண் சும்மா இருக்கவில்லை. தொழில் புத்தி. விலாவிலிருந்து வால்வரை கறி எப்படி இருக்கும், எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. கொஞ்சமும் பயமில்லை. எல்லப்பனோடு வந்தவன்தானே என்று நினைத்திருக்கும். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"உங்க ஊருல இத இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தின்னுவம்" என்றேன்.

சுரண்டிய கை நின்றது. "நீ யாரு?"

"கப்பித்தான்ர சமையல்காரன். ஞாயிற்றுக்கிழமை விருந்து."

அடிப்பான் என்று எதிர்பார்த்துப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடிக்கவில்லை. படகில் ஏறி, கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அது பின்னாலேயே வந்தது. கரை தட்டியதும், "எறங்கு" என்றான்.

வியாழக்கிழமை வடக்குக் குப்பத்தின் பாடு. கப்பித்தான் அவர்களிடம் முதல் நாளே பேசி முடித்திருந்தார். கறி கோட்டைக்கு, தோலும் கொழுப்பும் குப்பத்துக்கு. கொழுப்பை உருக்கினால் படகுகளுக்குப் பூச எண்ணெய் ஆகும். வடக்குக் குப்பத்துத் தலைவர் கொண்டையா மரியாதையான மனிதர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். என்னைத் தன் படகில் ஏற்றி உட்காரவைத்து நுங்கு சீவிக் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், எழுத முடியாது.

"ரெண்டு தபா எங்க வலையக் கிழிச்சுது அந்த எரும. எல்லப்பனுக்கு அது கொஞ்சற மிருகம். எங்களுக்கு நஷ்டம். எங்க நைனா காலத்துலேர்ந்து பாடுன்னா பாடுதான். எங்க பாட்டுல வந்தா எங்களுது" என்றார்.

"எப்படிப் பிடிப்பியள்? வலையா, ஈட்டியா?" என்று கேட்டேன்.

கொண்டையா சிரித்தார். துடுப்பை எடுத்துத் தண்ணீரைப் பட், பட், பட் என்று தட்டினார். கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு.

சேற்றுக் கோடு வந்தது.

அது நேராக எங்கள் படகுக்கு வந்து தலையைத் தூக்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கொண்டையா துடுப்பின் நுனியால் அதன் முதுகைத் தொட்டார். அது விலகவில்லை. எல்லப்பனைத் தேடிக்கொண்டு படகைச் சுற்றி வந்தது.

எல்லைக் கழிக்கு அந்தப் பக்கம் ஈர மணலில் எல்லப்பன் நின்றுகொண்டிருந்தான். கால்விரல் நுனிக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. கத்தினால் அது அவனிடம் வரும், வரும் வழியெல்லாம் வடக்குக் குப்பத்தின் படகுகள். ஆகவே கத்தாமல் நின்றான்.

"இன்னிக்கு வாணாம்" என்றார் கொண்டையா தன் ஆட்களிடம். "இன்னிக்கு அறுத்தா ஞாயித்துக்கெழமைக்கு நாறிப்பூடும். சனிக்கெழம நம்ம பாடு. அன்னிக்கு வெச்சுக்கலாம். அது எங்க போவப் போவுது?"

மாலையில் தெற்குக் குப்பத்துக்குப் போனேன். முனியம்மாவின் குழம்புக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே புருஷனும் மனைவியும் சண்டையின் உச்சத்தில் இருந்தார்கள்.

"சனிக்கெழம நான் எறங்கத்தான் போறேன். எவன் தடுக்கறான் பாக்கறேன்" என்று கத்தினான் எல்லப்பன்.

"எறங்கு. எறங்கிட்டு வந்து குப்பத்துல வூடு வூடாப் போயி, எரும பொழச்சுது, ஒங்க புள்ளைங்கள இந்தப் பருவம் பட்டினி போடுங்கன்னு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் முனியம்மா.

கடலுக்குக் கூட்டிப் போய் விட்டுவிட முடியாதா என்று வாசலில் நின்றபடி கேட்டேன். அப்போதுதான் என்னைக் கவனித்தார்கள்.

"வுட்டுப் பாத்தாச்சு. நான் திரும்பினா அதுவும் திரும்புது" என்றான். கோபப்பட மறந்து பதில் சொல்லிவிட்டான்.

எனக்கு ஒன்று தெரியும். அதைச் சொன்னால் எனக்கு மன்னார் இல்லை, மனைவி முகம் இல்லை, அடுத்த பருவம்வரை இந்த ஊர்தான். அந்த மிருகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது வேறு கண்ணைவிட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டேன். "எங்கட ஊரில ஒருக்கா அடி வாங்கித் தப்பினது பிறகு அந்தத் தண்ணிக்கு வராது. செத்தாலும் வராது."

முனியம்மா புருஷனைப் பார்த்தாள்.

"யாரு அடிக்கறது?" என்றான் அவன்.

"நீதான். வேற எவன் அடிச்சாலும் அது ஒன்னாண்டதானே ஓடியாரும்?" என்றாள். இப்போது அவள் குரலில் சண்டை இல்லை.

எல்லப்பன் என்னை வெறித்தான். "ஒனக்கு இன்னா இதுல? அத ஆக்கினாத்தானே நீ ஊருக்குப் போவ?"

"ஓம்" என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"தெரியேல்ல" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் பாடு. தண்ணீர் கடலை நோக்கி இறங்கும் நேரம் பார்த்து மூன்று பேரும் போனோம். முனியம்மா பின்னால் துடுப்பு பிடித்தாள். எனக்கும் ஒரு துடுப்பு கொடுத்தார்கள். எல்லப்பன் கையில் படகு தள்ளும் கழி. அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முனியம்மா சொன்னாள்.

அவன் தட்டினான். அது வந்தது. மோவாயைப் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு, அவன் இறங்குவதற்காகக் காத்திருந்தது.

அவன் இறங்கவில்லை. கழியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. "அடி" என்றாள் முனியம்மா. அவன் அடித்தான். அது அடியே இல்லை, தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. அது திரும்பி முதுகைக் காட்டியது. சிப்பி சுரண்டப் போகிறான் என்று நினைத்துவிட்டது.

"ஐயோ" என்றான் எல்லப்பன்.

இரண்டாவது அடி முதுகில் பலமாக விழுந்தது. அது சட்டென்று முழுகியது. தண்ணீர் கலங்கியது. போய்விட்டது என்று நான் மூச்சு விட்டேன். அடுத்த நொடி படகின் அடிப்பலகையில் ஏதோ உரசியது. அது எங்கள் படகுக்கு அடியில் வந்து ஒளிந்துகொண்டிருந்தது. அடித்தது யார் என்று அதற்குப் புரியவில்லை. எங்கேயோ ஆபத்து, எல்லப்பனிடம் போய்விட வேண்டும் என்று வந்திருக்கிறது.

நான் துடுப்பால் தண்ணீரை அடித்து, தொண்டை கிழியக் கத்தினேன். முனியம்மாவும் அழுதுகொண்டே அடித்தாள். அது படகின் முன்பக்கம் தலையைத் தூக்கியது. எல்லப்பனை நேராகப் பார்த்தது. அவனும் பார்த்தான். கழி இறங்கியது. நெற்றியின் இடது பக்கம் பிளந்து ரத்தம் வந்தது. இன்னொன்று. இன்னொன்று. "போடி, போடி" என்று அவன் கத்திய குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

போயிற்று. இறங்கும் தண்ணீரோடு ரத்தம் கலந்த சேற்றுக் கோடு முகத்துவாரத்தைப் பார்த்துப் போயிற்று.

ஆனால் அதோடு முடியவில்லை. போனது திரும்புமா என்று பார்க்க வேண்டும். பார்க்க ஒரே வழிதான் இருந்தது. எல்லப்பன் கழியைப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தான். பட், பட், பட். கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு.

தூரத்தில், அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில், புஸ்ஸென்று அது தலையைத் தூக்கியது. எங்களைப் பார்த்துத்தான் தூக்கியது. "வராத" என்று எல்லப்பன் முணுமுணுத்தான். "வராதடி, வராத." சொல்லிக்கொண்டே மறுபடி தட்டினான். அந்தத் தலை அங்கேயே நின்றது. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்ததில்லை. பிறகு அது முழுகியது. அவன் தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் முனியம்மா அவன் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். அன்று எங்கள் படகு வலை போடவே இல்லை. கரைக்கு வந்ததும் முனியம்மா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தேன்.

சனிக்கிழமை கத்தியோடு கொண்டையாவின் படகில் உட்கார்ந்திருந்தேன். அறுக்கும் ஆள் நான்தானே. வடக்குக் குப்பத்துப் படகுகள் முகத்துவாரத்தை வளைத்து வலையை ஆயத்தமாக வைத்திருந்தன. எல்லைக் கழி அருகே எல்லப்பன், அதே இடத்தில். கொண்டையா தட்டினார்.

ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ஏற்றத் தண்ணீரில் ஒரு கோடு தெரிந்தது. கோடு எங்களை நோக்கி வந்தது. கழிக்குப் பக்கத்தில் எல்லப்பன் அப்படியே குந்திவிட்டான். கோடு கிட்டே வந்து உடைந்தது. மடவைக் கூட்டம்! வெள்ளி வெள்ளியாகத் துள்ளிப் படகுக்குள்ளேயே விழுந்தது. ஆட்கள் ஆரவாரம் செய்துகொண்டு வலையை இறக்கினார்கள்.

வெயில் ஏறும்வரை கொண்டையா விட்டுவிட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கைகளைப் பார்த்தார். துடுப்பு பிடித்துப் பழகாத கை, முதல் நாள் அடித்த அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. எல்லைக் கழியையும் ஒரு முறை பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"நேத்து அவங்க பாடு. அவங்க தண்ணில அவங்க இன்னா பண்ணாங்களோ, நான் கேக்க முடியாது" என்றார். "எங்க பாட்டுல வந்தாத்தான் எங்களுது. வரல." அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஒரு கோவை மடவை கொடுத்தனுப்பினார்.

மிச்சமிருந்தது என் பாடு. கப்பித்தானிடம் போய்க் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மாறாக மாட்டு வண்டி பிடித்துத் திருப்பாலைவனம் என்ற பக்கத்து ஊருக்குப் போனேன். வழியில் வயல் சேற்றில் சக்கரம் இறங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு நானும் தள்ளினேன். ஊர்க்கோடியில் ஓர் இளம் பன்றி கிடைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அது போட்ட கூச்சலில் வண்டிக்காரன் என்னை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

மிருகம் கிடைத்துவிட்டது என்று கப்பித்தானிடம் சொல்லிவிட்டு, நனைந்து காய்ந்த மிளகாய்த்தூளைப் போட்டு, அந்தப் பன்றியை எங்கள் ஊர்ப் பக்குவத்தில் ஆக்கினேன். பிடிபட்டால் முதுகுத்தோல் மிஞ்சாது என்று தெரியும். விருந்து மண்டபத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கப்பித்தான் முதல் துண்டை வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "இதுதான் மன்னார். இந்த ருசி வேறு எந்தப் பிராணிக்கும் வராது." மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கப்பலுக்கும் உத்தரவு கொடுத்தார்.

கிளம்பும் நாளில் என்னைக் கப்பலுக்கு ஏற்றிப்போக எல்லப்பன் தானே படகு கொண்டுவந்தான். முகத்துவாரம் வந்ததும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, சத்தமில்லாமல் தள்ளினான். அதற்கு முன்னும் பின்னும் அப்படித் துடுப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. முனியம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

கப்பலின் ஏணியைப் பிடித்தபோது, "உங்க ஊருப் பக்கம் போயிருக்குமா அது?" என்று கேட்டான்.

"போயிருக்கலாம். அங்க புல் நிறைய."

"இடது பக்கம் நெத்தியில வடு இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ ஆக்காத."

சரி என்று தலையாட்டினேன். அவன் படகைத் திருப்பிக்கொண்டான்.

மன்னாரில் என் மகளுக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. கரையில் கடற்பன்றி இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நான்தான் முதலில் ஓடுகிறேன். கறிக்கு ஓடுகிறான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குனிந்து நெற்றியின் இடது பக்கத்தைப் பார்ப்பேன். இதுவரை வடு உள்ளது எதுவும் வரவில்லை. மற்றவர்கள் பங்கு பிரிக்கும்போது நான் வீட்டுக்கு வந்து கருவாடு சுடுவேன்.

போன வாரம் தோணியில் போகும்போது பக்கத்தில் இருந்த ஒருவன் பொழுது போகாமல் துடுப்பால் தண்ணீரைப் பட், பட் என்று தட்டினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தட்டாதே, வந்திடும்" என்றேன். எது வரும் என்று கேட்டான்.